மார்ஜின் மேடத்தின் பல்லிக் கட்டுரை

அந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையில் யார் எந்த ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும், அது மார்ஜின் மேடத்தின் கையால் குளித்துத் தலைவாரிக்கொண்டுதான் பத்திரிகைக்குப் போகும். மார்ஜின் மேடம் என்பது மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். ரெக்கார்டு நோட்டில் ஓரக்கோடு சாய்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பட்டப்பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தபோது முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு ஒரே சந்தோஷம்.

சக ஆசிரியர்கள் பென்டிரைவை நீட்டி, "கொஞ்சம் பார்த்துக் குடுங்க மேடம்" என்பார்கள். கொஞ்சம் என்றால், வரிக்கு வரி எண் போட வேண்டும், படங்களைத் தனிக் கோப்பாக்க வேண்டும், அட்டவணைகளைக் கடைசிப் பக்கத்துக்கு நாடுகடத்த வேண்டும். மேற்கோள் பட்டியல் இருக்கிறதே, அது தனிக் கூத்து. ஒரு பத்திரிகை ஆண்டை முன்னால் கேட்கும், இன்னொன்று பின்னால் கேட்கும். மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு குறை சொல்ல மாட்டார்கள் என்பது மேடத்தின் கருத்து. அத்தனையும் முடித்துக் கொடுத்தால், எழுதியவர் வாங்கிப்போய்த் தன் கணக்கிலிருந்து அனுப்பிக்கொள்வார். எந்தக் கட்டுரையிலும் மேடத்தின் பெயர் இருந்ததில்லை.

அந்தக் குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஒன்றாவது தன் பெயரில், தன் பெயரில் மட்டும், வந்துவிட வேண்டும். அதற்காக அவர் பிடித்த விஷயம், குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில் ஓடும் பல்லிகள். அவை வெள்ளை விளக்கின் கீழே அதிகம் கூடுகின்றனவா, மஞ்சள் விளக்கின் கீழேயா? தையல் கடை வைத்திருக்கும் கணவர் கடையிலிருந்து வந்ததும் ஸ்டூல் போட்டு பல்பு மாற்றுவார். மேடம் கீழே நின்று எண்ணுவார். மேல்வீட்டுக்காரம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "பல்லிய விரட்ட ஆள் தேடிக்கிட்டிருக்கேன். நீங்க அதுங்களுக்கு லைட்டு போட்டு விருந்து வைக்கிறீங்களா?"

கட்டுரை முடிந்து அச்செடுத்ததும் கணவர் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வரிக்கு நடுவுல இவ்வளவு இடம் எதுக்கு?"

"படிக்கிறவங்க திட்டி எழுத இடம் வேணாமா?"

"ஓ, நாங்க பின்னால பிரிச்சு விட உள்ள துணி விடுறோமே, அது மாதிரி." அடுத்து முதல் பக்கத்தைத் தேடினார். "உன் பேரக் காணோமே?"

"அது தனிப் பக்கத்துலங்க. யார் எழுதினதுன்னு தெரியாமதான் பரிசீலிப்பாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையின் இணையதளத்தில் எல்லாக் கோப்பையும் ஏற்றினார். உடனே ஒரு மின்னஞ்சல் வந்தது: தங்கள் கட்டுரை தயார். துறையில் அத்தனை பேரின் கால்புள்ளியையும் அரைப்புள்ளியையும் பிடிக்கிற மேடம், அந்த முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு பேச்சுமூச்சில்லை. மாதங்கள் ஓடின. மேடம் அந்த ஆசிரியர் குழுவைத் திட்டாத நாளில்லை. "கிணத்துல போட்ட கல்லாட்டம் கிடக்கு. படிக்கத் துப்பில்லன்னா எதுக்குப் பத்திரிகை நடத்துறாங்க?" என்று சாம்பாரைக் கிண்டியபடியே பொரிந்து தள்ளுவார்.

கல்லூரியிலும் இதே புலம்பல்தான். இந்த ஓட்டை வழியாகத்தான் துறைத்தலைவர் உள்ளே வந்தார். "அந்தப் பத்திரிகை எடிட்டர் நமக்கு வேண்டப்பட்டவருதான் மேடம். என் பேரையும் சேத்துருங்க, முன்னாடியே போட்டாலும் சரி. ஒரு வார்த்தை சொன்னா நகர்ந்துரும்."

மேடம் "சரி சார்" என்றுவிட்டார். துறைத்தலைவர் அறையில் அவர் வேறெதுவும் சொல்லிப் பழகியதில்லை. வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதார்.

"எழுதினது நீதான்னு உனக்குத் தெரியும்ல. அது போதாதா?" என்றார் கணவர்.

"போதாதுங்க."

மறுநாள் மதியம், துறைத்தலைவர் பெயரைச் சேர்ப்பதற்காக ஆசிரியர் அறையில் உட்கார்ந்து தளத்தைத் திறந்தார். அனுப்பிய நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. கட்டுரையின் தலைப்புக்குப் பக்கத்தில் அதன் நிலைமை போட்டிருந்தது: எழுத்தாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

எழுத்தாளர் யார்? இவர்தான். கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி பத்திரிகை கேட்டிருக்கிறது. அந்த மின்னஞ்சலின் இரண்டாவது வரியே அதுதான். இவர் சொல்லவில்லை. கட்டுரை இத்தனை நாளும் வாசலைத் தாண்டவே இல்லை. ஊர்க் கட்டுரைகளையெல்லாம் சமைத்துக் கொடுத்தவருக்குப் பரிமாறிப் பழக்கமில்லை, அவ்வளவுதான் விஷயம்.

முதலில் வெட்கத்தில் காது சூடானது. அடுத்து சிரிப்பு வந்தது. பாவம் அந்த எடிட்டர், எவ்வளவு வசவு வாங்கியிருக்கிறார்! சிரித்து முடித்ததும்தான் உறைத்தது: எங்கேயும் சிக்காத கட்டுரையை நகர்த்த யாருடைய சிபாரிசும் தேவையில்லை. பெயர் இருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஒரே பெயர். அப்படியே ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டு, யோசித்தால் தைரியம் போய்விடும் என்று நேரே துறைத்தலைவர் அறைக்குப் போனார்.

"கட்டுரை எங்கயும் மாட்டல சார். நான்தான் ஒப்புதல் குடுக்காம விட்டிருக்கேன். இப்பக் குடுத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. என் பேரு முதல்ல வருதா, ரெண்டாவதா?"

"வரல சார். பல்லி எண்ணினது நான்தான்."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். மேடம் வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கணவருக்குப் போன் போட்டார். இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து எத்தனையோ காலம் ஆயிற்று.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு கணவர், "அது சரி, சிபாரிசும் இல்ல. அவங்க வேணாம்னு திருப்பி அனுப்பிட்டா?" என்றார்.

"அனுப்பட்டுமே. யாருக்கு அனுப்புவாங்க? எனக்குத்தானே அனுப்பணும்!"