பிள்ளைத்தாய்ச்சி மீனுக்குப் பால்கோவா

வாஷ்பேசின் முன்னால் நின்று தொண்டையைக் காறுகிறவர்களைக் கண்டாலே எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தைக் கையில் ஊற்றி உறிஞ்சினால், பாயசம் வரும்முன் எழுந்து போய்விடுவேன். அப்பேர்ப்பட்டவன்தான் ராஜபாளையத்தில் என் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், பகல் முழுக்கக் கொப்பளித்துத் துப்புகிற ஐந்து ஜீவன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிறேன்.

தென் அமெரிக்க ஆற்று மீன்கள். சிக்லிட் வகை. மணலை வாய் நிறைய அள்ளி மெல்லும். தின்னக்கூடியது ஏதாவது அகப்பட்டால் விழுங்கிவிட்டு, மிச்ச மணலைச் செவுள் வழியாக இரண்டு பக்கமும் ஒழுகவிடும். காது வழியாகத் துப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மணலில் கிடப்பது பெரும்பாலும் அதுகளின் சொந்தக் கழிவுதான் என்று யோசிக்காமல் இருந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். எனக்கு யோசிக்காமல் இருக்க வராது.

தின்பது இப்படி, உடம்போ தொட்டாச்சிணுங்கி. கட்டடத்துக்குப் போடுகிற எம்-சாண்டைப் போட்டால் செவுள் கிழிந்துவிடும். எங்கள் போர் தண்ணீரின் உப்பு ஆகாது. ஆகவே நைசான ஆற்று மணல் தேடி, மாவுச் சல்லடையில் சலித்து, கழுவிப் போட்டேன். சல்லடை விஷயம் என் மனைவிக்கு அடுத்து சுட்ட முறுக்கில் தெரிந்தது. முதல் கடியிலேயே நறநறவென்றது.

இந்த ஐந்தில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். வயிற்றில் இல்லை, வாயில். இந்த வகையில் தாய், முட்டைகளை வாய்க்குள் அள்ளி வைத்துக் குஞ்சு பொரித்து, அதுகள் தாமாக நீந்தும்வரை அங்கேயே வைத்திருக்கும். கன்னம் உப்பிப்போய், இரை எடுக்காமல் மூலையில் நிற்பாள். பயந்தாலோ, தண்ணீர் கெட்டாலோ, அத்தனை பிள்ளைகளையும் வெளியே துப்பிவிடுவாள். துப்பினால் மற்ற நான்கும் பொறுக்கித் தின்றுவிடும். சில சமயம் தாயே விழுங்கிவிடுமாம். எதை நினைத்தாலும் எனக்குக் குமட்டியது. அவள் துப்பாமல் இருக்கவேண்டும். அந்த வாரம் எனக்கு வேறு கவலையே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலுக்கு வந்தால் அப்படி ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவுகட்டிப் பீரோவை நகர்த்தினேன். சோபாவைக் கவிழ்த்தேன். செருப்பை மோந்தேன், பனியனை மோந்தேன், பனியனுக்குள் இருந்த என்னையும் மோந்தேன்.

"ஏங்க, ஒங்கள மோந்தது போதும். அந்தத் தொட்டியப் பாருங்க" என்றாள் மனைவி.

டீக்கடையில் தம்ளர் அலசுகிற வாளி மாதிரி இருந்தது தொட்டி. மேலே நெய்ப் படலம். நான்கு மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. ஐந்தாவது மட்டும் மூலையில், வாயை இறுக மூடியபடி.

"நேத்து நீங்க மில்லுக்குப் போயிருந்தப்ப அத்தான் வந்தாக. நான் காப்பி போட்டுட்டு வார வரைக்கும் தொட்டிகிட்டதான் நின்னாக."

அத்தான் என்பது அவளுடைய அக்கா வீட்டுக்காரர். எனக்குச் சகலை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். போன் போட்டேன்.

"ஏன் சகல, தொட்டிக்குள்ள என்னத்தப் போட்டீக?"

"ஒன்னும் போடலியே. கொஞ்சம் பால்கோவா கிள்ளிப் போட்டேன்."

"மீனுக்கா?"

"பின்ன? ஒரு பிள்ளத்தாச்சி இருக்கான்னு ஒங்க வீட்டம்மாதான் காட்டுச்சு. மாசமா இருக்கவளப் பாக்க வெறுங்கையோடயா போவாக? அவளுக்குன்னு தனியா ஒரு உருண்ட. மத்ததுக ஏங்கிறப்படாதுன்னு அதுகளுக்கும் கொஞ்சம்."

"அவ தின்னாளா?"

"எங்க? வாயவே தொறக்கல. மசக்கை போலன்னு விட்டுட்டேன்."

"எம்புட்டுப் போட்டீக?"

"கால் கிலோ பாக்கெட்டு. ஒங்களுக்குத்தான் வாங்கியாந்தேன். நீங்க சுகர் மாத்திர திங்கிற ஆளு, ஒங்களுக்கு எதுக்கு?"

மற்ற நான்கும் விடிய விடியப் பால்கோவாவை மணலோடு மென்று, செவுள் வழியாகப் பாலாக ஒழுகவிட்டிருக்கின்றன. ஸ்பான்ஜ் பில்டரை எடுத்துப் பிழிந்தேன். விரலிடுக்கில் கொழகொழவென்று வந்தது நெய்யா, சளியா, மீன் கழிவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணியை மடித்து அந்த இடத்தில் செருகினேன்.

தண்ணீரை மாற்ற வேண்டும். நல்ல தண்ணீர் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது: குடிப்பதற்குப் பிடித்து வைத்த டிரம்மில். நாள் கணக்கில் நின்றதால் குளோரின் போயிருக்கும்.

"அப்ப நம்ம எதக் குடிக்கது?"

"கேன் வாங்கிக்கிடலாம்."

"மீனுக்கு டிரம்மு தண்ணி, எனக்குக் கேன் தண்ணி. நல்லாருக்குங்க ஒங்க ஞாயம்" என்றபடியே டிரம்மின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

மோட்டார் வைத்து இறைத்தால் சத்தத்தில் பிள்ளைத்தாய்ச்சி துப்பிவிடுவாள். டியூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். தண்ணீர் ஏறியதும் வாயை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. பதற்றத்தில் எடுக்க மறந்தேன். புளித்த பால், இரையாகப் போட்டு அழுகிய புழு, நெய், ஏலக்காய். ஆமாம், ஏலக்காய் வாசம் அப்போதும் போகவில்லை, அதுதான் கொடுமை. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஓங்கரித்தால் அவள் பயந்துவிடுவாளே என்று வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். கண்ணாடியில் பார்த்தால் என் கன்னமும் அவளுடையது போலவே உப்பியிருந்தது. அவள் இதை வாரக்கணக்கில் செய்கிறாள். என்னால் கதவைச் சாத்தும்வரைகூட முடியவில்லை.

மணல் அடைத்துக்கொண்டு டியூப் நின்றுபோகும். நின்ற தடவையெல்லாம் உறிஞ்சினேன். பாதித் தண்ணீர் இறங்கியதும் டிரம்மிலிருந்து செம்பு செம்பாக, சுவரோரம் வழியவிட்டு ஊற்றினேன்.

மதியம் நான் சாப்பிடவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. மற்ற நான்கும் மெல்ல அடிமணலுக்கு இறங்கிவிட்டன. அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். வெயில் தாழ்ந்த நேரத்தில் நகர்ந்து முன்னால் வந்து வாயைத் திறந்தாள்.

போச்சு, துப்பிவிட்டாள் என்று தலையில் கை வைத்தேன்.

வாயிலிருந்து புகை மாதிரி ஒன்று வந்தது. உற்றுப் பார்த்தால் புகைக்கெல்லாம் கண் இருந்தது. கீழே விழவில்லை, வாலை ஆட்டி நீந்தியது. மற்ற நான்கில் கிட்டே வந்த ஒருத்தனை அவள் ஒரே முட்டாக முட்டி விரட்டினாள்.

நான் "ஏ, இங்க வந்து பாரேன்!" என்று கத்திக்கொண்டே கண்ணாடியில் முகத்தை அப்பினேன். அவ்வளவுதான். அத்தனை குஞ்சும் ஒரே பாய்ச்சலில் அவள் வாய்க்குள் திரும்ப ஓடிப்போய்விட்டன. வாய் மூடியது.

மனைவி பின்னால் வந்து நின்றிருந்தாள். "பால்கோவாவுக்கே தாக்குப்பிடிச்ச பிள்ளைக, ஒங்க மூஞ்சியப் பாத்துல்ல பயந்து ஓடுதுக. செத்த நேரம் அங்கிட்டுப் போங்க."

போய்ச் சோபாவுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அவள் மறுபடி வாயைத் திறந்துவிட்டதாக மனைவி சைகை காட்டும்வரை தலையைத் தூக்கவே இல்லை.