தொத்தாத அரிப்பு

மேலகரம் பேச்சிராஜுக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம்தான். குற்றாலம் பெரிய அருவிப் பக்கம் முப்பது வருசமாக எண்ணெய் தேய்க்கிற ஆள். முன்னால் உட்காருகிறவனையெல்லாம் மாவு மூட்டை என்பார். கூடத் தொழில் பார்க்கும் அய்யாத்துரையையோ மனுசனாகவே மதித்ததில்லை. "அவன் கையா அது? வெண்டைக்காய்!" கேட்கவே எரிச்சலாக வரும். ஆனால் பேச்சிராஜ் கை வைத்தால் எப்பேர்ப்பட்டவனும் சொக்கிப்போவான், அதையும் சொல்லத்தானே வேணும்.

அவருக்குச் சிறுநீரகம் ரெண்டும் கைவிட்டுவிட்டது. தென்காசியில் வாரம் மூணு தடவை டயாலிசிஸ். அதைக்கூடச் சகித்தார், அரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. தோலில் ஒரு பொரி கிடையாது, ஆனால் சும்மா கிடக்கிற முதுகு பிடுங்கி எடுக்கும். சீப்பு, தேங்காய்நார், கதவு நிலை, எதையும் விட்டுவைக்கவில்லை. கையும் முதுகும் புண்ணாகிவிட்டது. எண்ணெய் தேய்க்க வந்த ஆட்கள் தொத்துவியாதி என்று நழுவினார்கள். ஆனிச் சாரலுக்குள் தோல் தேறாவிட்டால் அருவிக்கரையில் அவருக்கு வேலையில்லை. வேறு வேலையும் தெரியாது.

"ரத்தத்துல கழிவும் பாஸ்பரஸும் ஏறுனா அரிக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. மாத்திரையைச் சாப்பாட்டோட போடுங்க. டயாலிசிஸை மட்டும் தள்ளிப் போட்டுறாதீங்க" என்றாள் நர்ஸ் ஜெயசித்ரா.

"நேத்துப் பொறந்தவ எனக்குத் தோலைப் பத்திப் பாடம் சொல்லுதா!"

ரெண்டு டயாலிசிஸுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, வைகாசியில் நூலாக விழுந்த அருவியில் போய் நின்றார். மூலிகைத் தண்ணீராம், சொறியெல்லாம் ஓடிப்போகுமாம்! ஊரானுக்கு அவிழ்த்துவிட்ட கதையைத் தானே நம்பின எண்ணெய்க்காரன் இவர் ஒருத்தர்தான். நின்றவரைக்கும் சுகம். நாலாம் நாள் முகம் வீங்கி மூச்சு இழுத்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது யார்? அதே அய்யாத்துரைதான்.

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு டயாலிசிஸுக்குப் போனார், மாத்திரை போட்டார். அரிப்பு பாதி குறைந்தது, புண் ஆறியது. கறுத்த தழும்பு மட்டும் போகவில்லை.

சாரல் வந்தது, கூட்டமும் வந்தது. பேச்சிராஜ் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். கிட்டே வந்த ஒருத்தன் தழும்பைப் பார்த்ததும் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு விலகினான்.

"ஒட்டாதுய்யா, கிட்னிக் கோளாறு" என்று கெஞ்சினார். கெஞ்சினது பேச்சிராஜ்! யாரும் நிற்கவில்லை.

அய்யாத்துரை பனியனைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தான். "எண்ணெயைத் தேயும்வே. எல்லாவனும் பாக்கட்டும்."

பேச்சிராஜ் டயாலிசிஸ் ஊசி ஏறாத வலது கையை எண்ணெயில் தோய்த்து அவன் தோளில் வைத்தார். அய்யாத்துரை உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அட பாவி! தொத்திக்கொள்ளும் என்று இவனும்தான் பயந்திருக்கிறான். பயந்துகொண்டேதான் வந்து உட்கார்ந்திருக்கிறான்.