நாணத்தால் என்று நான் சேர்த்த சொல்

புஷ்பம் அக்கா போய்விட்டார். நேற்றுக் காலை, பட்டர்வொர்த்தில், தங்கை வீட்டில்.

தகனம் முடிந்து ஃபெரியில் திரும்பும்போது இதை எழுதுகிறேன். வலது உள்ளங்கை இன்னும் எரிகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இப்போது படிக்கிறவர்களுக்கு அக்காவின் பெயர் தெரியாமல் இருக்கலாம். பழைய பினாங்கை வைத்துக் காதல் நாவல் எழுதியவர். பாய்மரக் கப்பல், மிளகு மூட்டை, துறைமுகத்துப் பெண்... பத்துப் பக்கத்துக்கு ஒரு முத்தம் என்றால் ஐந்து பக்கத்துக்கு ஒரு வெட்டு.

அவற்றை டைப் செய்தது நான். சூலியா தெருவில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகம். முதலாளியை எல்லோரும் நானா என்போம்.

"காதல் கதையில எதுக்குக்கா இவ்ளோ ரத்தம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மீன் வெட்டுற ஊருடி இது. கப்பல்ல வந்தவன் எல்லாம் பூவா கொண்டாந்தான்? போய் டைப் அடி லா."

எந்த நாவலாக இருந்தாலும் ஒரு காட்சி கட்டாயம் வரும். கதாநாயகி படகிலிருந்து இறங்குவாள். "அவன் கை நீட்டினான். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்." அவ்வளவுதான்.

எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. பெரிய மேதாவி அல்லவா நான்... "முகத்தை" என்பதற்கு முன்னால் "நாணத்தால்" என்று ஒரு சொல் சேர்த்தேன். அக்கா ப்ரூஃபில் அதைச் சிவப்பு மையால் அடித்தார். அடுத்த நாவலிலும் சேர்த்தேன். அடித்தார். மூன்றாவது நாவலில் அடித்த வேகத்தில் தாளே கிழிந்தது.

"நாணம்னு யாருடி சொன்னா உன்கிட்ட?"

கிழிந்த தாளை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு மத்தியானம் அவர் கணவர் அச்சகத்துக்கு வந்தார். வந்தார் என்ன, வந்தான். அந்த மூன்றாவது நாவலில் வரும் வில்லன், சுங்கக் குமாஸ்தா, அவனுக்குத் தங்கப் பல். இவனுக்கும் தங்கப் பல். கோப்பிக் கடையில் யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள்.

"என்னையவா ஊருக்கு முன்னால வில்லனாக்குன?"

மேசை மேல் இருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து ஓங்கினான். அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். கத்தவில்லை, ஓடவில்லை. பழகிய வேலை மாதிரி மூடினார். ஸ்கேல் விரல்கள் மேல் விழுந்தது. மறுபடியும். மறுபடியும். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நானா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளுவதற்குள் மேசையில் இருந்த தாளெல்லாம் ரத்தம்.

மூன்று நாவல் டைப் அடித்த எனக்கு அந்த வரி அன்றுதான் புரிந்தது. கை நீட்டுவது என்றால் அடிப்பதும்தானே. அக்கா வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே இருந்ததில்லை. நான் அதற்கு நாணம் என்று பெயர் வைத்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவனிடம் திரும்பவே இல்லை. வலது கையில் கட்டு. பாதியில் நின்ற நாலாவது நாவலின் கடைசி அத்தியாயத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"எழுது. அவன் கை நீட்டினான். அவள் மீன் கத்தியை இறக்கினாள்."

"அக்கா... இது ஹீரோ. வில்லன் போன அத்தியாயத்துலயே செத்துட்டான்."

"தெரியும். எழுது லா."

எழுதினேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ஹீரோவை எப்படி வெட்டலாம் என்று வாசகர்கள் திட்டித் தீர்த்தார்கள். அக்கா ஒவ்வொரு கடிதத்தையும் படித்துப் படித்துச் சிரித்தார்.

இன்று அவன் வந்திருந்தான். கிழவனாகிவிட்டான். தங்கப் பல் மட்டும் அப்படியே இருக்கிறது. வாசல் கூடாரத்தில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் கை குலுக்கிக்கொண்டிருந்தான். புருஷனாம்.

என் முறை வந்தது. அவன் கை நீட்டினான்.

அந்தக் கையிலேயே ஓங்கி ஒன்று வைத்தேன்.

கூடாரமே திரும்பிப் பார்த்தது. "துக்க வீட்டுல என்னம்மா இது?" என்று யாரோ அதட்டினார்கள். அக்காவின் தங்கை எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

போய் வாருங்கள் அக்கா. இனி முகத்தை மூட வேண்டாம்.