எண்ணெய் கலக்காத பெட்ரோல்

என் கணவர் வளைகுடாவில் படகு மெக்கானிக்காக இருந்தவர். ஊர் திரும்பியபோது ஒரு பழைய வாட்டர் ஸ்கூட்டரையும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு உட்புறம், தண்ணீர் அடங்கிக் கிடக்கும் பகுதியில், சுற்றிப்பார்க்க வருகிறவர்களை அதில் ஏற்றி ஓட்டுவதுதான் எங்கள் பிழைப்பாக இருந்தது.

அதில் இருந்தது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். தனி டாங்கில் ஊற்றும் எண்ணெயை ஒரு சின்ன பம்ப் இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும். வண்டி வந்த கையோடு அந்த பம்பைக் கழற்றிவிட்டு, இருந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்துவிட்டார்.

"பம்ப் செத்தா ஒரு சத்தமும் கேக்காதுட்டி. எஞ்சின் செத்த பொறவுதான் தெரியும். பெட்ரோல்லயே கலந்து ஊத்தினா அந்தப் பயம் இல்ல."

இருபது லிட்டர் கேனுக்கு அரை லிட்டர் எண்ணெய். கலக்குவது என் வேலை. எண்ணெய் டாங்கை மட்டும் அவர் கழற்றவில்லை. அது காலியானால் அலாரம் ஓயாமல் கத்தும். அதனால் எஞ்சினுக்குப் போகாத எண்ணெய் அதில் நிறைந்தே கிடந்தது.

ஆனி மாதம் கடல் பொங்கி, வண்டி ஓட்டம் நின்றிருந்தது. சவூதியில் லாரி ஓட்டும் என் தம்பி லீவுக்கு வந்திருந்தான். ஆற்றுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க அவனுக்கு ஆசை. பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் தீர்ந்திருந்ததால் நான் பக்கத்து ஊரான புதுக்கடைக்கு வாங்கப் போயிருந்தேன்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கூட்டம் கரையைப் பார்த்து ஓடியது. பொழிமுகத்தில் ஒரு மீன்பிடி வள்ளம் கவிழ்ந்திருந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். ஒருவர் மட்டும் அலைக்குள் கையை உயர்த்துவதும் மூழ்குவதுமாக இருந்தார். அவரைத் தூக்க என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். தம்பி காலி கேனோடு கரையில் நின்றான்.

"எதுல இருந்துலே ஊத்தின?"

"காலைல வாங்கின பெட்ரோல்தான் அக்கா."

"அதுல நான் எண்ண கலக்கலியே!"

"எதுக்குக் கலக்கணும்? எண்ண டாங்க் நெறஞ்சு கெடக்கே. நான் தொறந்து பாத்தேன்."

தண்ணீரோரம் ஓடிப்போய் இரண்டு கையையும் வீசிக் கத்தினேன். கடலின் இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பெட்ரோல் டாங்கின் அடியில் கிடந்த பழைய கலவையில் வண்டி அதுவரை போயிருக்கிறது. அவர் அந்த மனிதரைச் சட்டையோடு பற்றிப் பின்னால் இழுத்துப் போட்டு, வண்டியை வளைத்து, முழு வேகத்தில் கரையை நோக்கி விட்டார். பாதி தூரம்கூட வரவில்லை. எஞ்சின் கிறீச்சிட்டு, அறுத்ததுபோல் நின்றது.

பின்னால் பீறிடும் தண்ணீர்தான் அந்த வண்டியைத் திருப்பும். எஞ்சின் நின்றால் ஹேண்டிலை எந்தப் பக்கம் ஒடித்தாலும் திரும்பாது. முதல் அலை வண்டியைக் குறுக்காகப் போட்டது. அடுத்த அலை வண்டியையும் அவர்களையும் ஒன்றாகத் தூக்கித் பொழிமுகத்தை ஒட்டிய துறைமுகச் சுவரின் கருங்கற்களில் அறைந்தது. மறுபடி இழுத்தது. மறுபடி அறைந்தது. வண்டியின் முகப்பு தேங்காய்போல் உடைந்து சிதறியது.

வள்ளக்காரர்கள் கயிறு வீசி இருவரையும் ஏற்றினார்கள். என் கணவரின் வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துத் தொங்கியது. முகமெல்லாம் ரத்தம். தம்பி அழுதுகொண்டே அவரைத் தாங்க ஓடினான்.

"எண்ண இருக்குண்ணு நெனச்சு வெறும் பெட்ரோல ஊத்திட்டேன் அத்தான்..."

அவன் முடிப்பதற்குள் இடது கையால் அவன் காதோடு சேர்த்து அறைந்தார். விழுந்தவனை வயிற்றில் மிதித்தார். கிடந்த ஒரு கல்லை எடுத்தார். "கொன்னு போடுவேம்லே!" என் கையில் ஒரு லிட்டர் எண்ணெய் டப்பா இருந்தது. அதைக்கொண்டு அவர் தோளில் என் பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். கல் கீழே விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வைக்கு அன்று நான் பயப்படவில்லை. மறுபடி ஓங்கினேன்.

என் கணவர் தூக்கி வந்த வள்ளக்காரர் பக்கத்தில் மணலில் கிடந்து, கால் எலும்பு வெளியே தெரிய, அலறினார்.

"பொறவு அடிச்சுச் சாவுங்கலே! எனக்க காலப் பாருங்கலே முதல்ல!"

அதைக் கேட்டுத்தான் எல்லாரும் அசைந்தோம்.

மூன்று பேரையும் ஒரே வேனில் தக்கலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வள்ளக்காரர் இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறார், கடலுக்கும் போகிறார். என் கணவரின் கை முழுதாக நீளாது. தம்பியின் வலது காது கேட்காமல் போயிற்று. லீவு முடியும் முன்பே, எங்களிடம் சொல்லாமல் சவூதிக்குப் போய்விட்டான்.

கட்டு அவிழ்த்த பிறகு எஞ்சினைப் பிரித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் ஸ்பேனர் பிடித்தேன். பிஸ்டன் உருகி சிலிண்டர் சுவரில் ஈயம்போல் அப்பியிருந்தது. வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பம்ப கழத்துனத அவன்கிட்ட நான் சொல்லல. டாங்க் நெறைய எண்ணயப் பாத்தா யாரும் அப்பிடித்தான் நெனப்பான்."

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க?" என்றேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "அவனுக்குப் போனப் போடுங்க."

சில நாள் கழித்துத்தான் போட்டார். தம்பி எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. இவர் கேட்டார்:

"எந்தக் காதுலலே போன வச்சிருக்க?"

"கேக்குத காதுலதான் அத்தான்."

அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விட்டார். இப்போதெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் லீவுக்கு வந்தால் தம்பி எங்கள் வீட்டுக்கு வராமல் அம்மா வீட்டோடு திரும்பிவிடுகிறான். நான்தான் அங்கே போய் அவனைப் பார்க்கிறேன்.