வெட்டப்படாத பக்கங்கள்

துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புப் பிரிவில் நானும் ஜெசிந்தாவும் ஒன்றாக வேலை பார்க்கிறோம். பயணம், கவிதை, வாழ்க்கை வரலாறு என்று மாதத்துக்கு ஒரு வகையாக, ஒரே வருடத்தில் பன்னிரண்டு புத்தகங்கள் படிப்பதாகச் சவால் எடுத்தோம். பட்டியல் போட்டது நான்தான். ஒவ்வொரு புத்தகத்தையும் அவள் முதலில் படித்து, பட்டியலில் டிக் அடித்துவிட்டு என்னிடம் தருவாள்.

பதினோராவது, முத்துக்குளிப்பைப் பற்றிய நாவல். "ஏளா, கடைசியில அழுதுட்டேன்" என்று சொல்லித்தான் தந்தாள். அவள் வீட்டு ஆட்களே முத்துக்குளித்தவர்கள் என்பதால் அப்படியே நம்பினேன். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தால், கடைசிப் பதினாறு பக்கங்கள் அச்சகத்தில் மடித்தபடியே, ஓரம் வெட்டப்படாமல் ஒட்டியிருந்தன. வெட்டாமல் யாரும் அவற்றைப் படித்திருக்க முடியாது.

மறுநாள் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன். "பதினொண்ணுமே இப்படித்தானா?"

சிரித்து மழுப்பப் பார்த்தாள். முடியவில்லை.

"அஞ்சு நெசமாவே படிச்சேன். டிக் அடிச்சியா, டிக் அடிச்சியான்னே கேட்டியே, கத எப்படி இருந்துச்சுன்னு ஒருநாளாவது கேட்டியாளா?"

ஏமாந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த ஐந்து புத்தகங்கள் எவை என்று இன்றுவரை நான் அவளிடம் கேட்கவும் இல்லை.