தனிப் பேணி

மல்வேர்னில் எங்கள் பக்கத்து வீட்டுக் கோணேஸ்வரி திருகோணமலைக்காரி. சாப்பாட்டுக் கடை ஒன்றின் பேஸ்மென்ற் குசினியில் இடியப்பம் பிழிகிறவள். போன மாரிக் குளிரில் இருமல் விடாமல் பிடித்தது. கசம், அதாவது காசநோய், என்றார்கள். மருந்து குடித்துத் தேறி வருகிற நேரம், அதே குசினியில் வேலை செய்த யோசப்புக்கும் கசம் வந்தது.

"உவள்தான் குடுத்தவள். இனி இஞ்ச வரவேண்டாம்" என்றாள் கடைக்காரி அருள்நாயகி.

யோசப் பிள்ளைகுட்டிக்காரன். கோணேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. இருமல் தொடங்கியதுமே தனக்கென்று தனிப் பேணி வைத்துத் தண்ணீர் குடித்தவள் அவள். பிறகு எப்படித் தொற்றும்?

வீட்டுக்கு வந்த நேர்ஸ் துர்க்காவிடம் அதைத்தான் கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

"பேணியால தொத்தாது அன்ரி. காத்தாலதான். குசினி ஜன்னல் திறக்கிறனீங்களோ?"

"மாரியிலயோ பிள்ளை? இடியப்பம் காஞ்சு போகுமே!"

"சரி, ரெண்டு பேரின்ர கிருமியையும் லாப்ல ஒப்பிட்டுப் பாக்கினம். கிருமிக்கும் பரம்பரை இருக்கு. பெருகேக்க எப்பவாவது சின்ன மாற்றம் விழும். உங்களிட்ட இருந்து போயிருந்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்."

அந்தப் பதில் வரும்வரை அவள் கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

துர்க்கா திரும்பி வந்தாள். "யோசப் அங்கிளும் தன்ர முடிவை உங்களிட்ட சொல்லச் சொன்னவர். ரெண்டும் வேற வேற வம்சம் அன்ரி. நீங்கள் குடுக்கேல்லை."

"அப்ப எனக்கு ஆர் தந்தது?"

"கசக் கிருமி, தன்னைத் தின்ன வாற ரத்த அணுவுக்குள்ளயே புகுந்து, வருஷக்கணக்கா உறங்கிக் கிடக்கும் அது. சின்னனில வீட்டில ஆருக்கும் இருந்ததோ?"

"சீ, இல்லை. ஐயாவுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு மட்டும்தான். அதுக்கே அம்மா அவருக்குத் தனிப் பேணி வைச்சவ."

சொன்னவள் தன் பேணியைத் திரும்பிப் பார்த்தாள். தொய்வுக்கு யாராவது தனிப் பேணி வைப்பார்களா? கசம் என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டுக் குமர்களை யார் கட்டுவார்கள்? தாய் நோயின் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறாள். யார் என்ன சொன்னாலும் அந்த மனிசியை நான் குறை சொல்லமாட்டேன்.

அன்று பின்னேரம் யோசப் போன் எடுத்தான். "அக்கா, வேற வம்சமாமே! அப்ப உங்கட கிருமிக்கும் என்ர கிருமிக்கும் சம்பந்தம் பேசலாம்."

பல நாளைக்குப் பிறகு சிரித்தாள் கோணேஸ்வரி. அருள்நாயகியிடமும் அவனே பேசினான்.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். போனதும் முதல் வேலை, ஜன்னலைத் திறப்பது.

"இடியப்பம் காயுதடி!" என்று கத்துவாள் அருள்நாயகி.

"ஈரத்துணி போட்டு மூடுறன் அக்கா. ஜன்னலை மூடமாட்டன்."