கிழிக்காமல் விட்ட தாள்

போன வாரம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் கை தவறி ஒரு இன்சுலின் குப்பியைக் கீழே போட்டுவிட்டார். உடைந்ததும் ஒரு வாசனை எழுந்தது. நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களா? புது பிளாஸ்திரியைப் பிரித்தால் வருமே, கிட்டத்தட்ட அதுதான். அவர் பாவம், "ஐயோ, போச்சே" என்று துடைத்துக்கொண்டிருந்தார். வாங்கப் போன தலைவலி மாத்திரையை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்குமே சர்க்கரை நோய் கிடையாது. இருந்தது பூனைக்கு.

பூனையின் பெயர் கரஸ்பாண்டென்ட். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கரஸ்பாண்டென்ட் என்று பள்ளியை நடத்தும் நிர்வாகி ஒருவர் வருவார், ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். நாங்கள் அன்றைக்குப் பூராவும் அவர் என்ன நினைத்திருப்பார் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். எங்கள் பூனைக்கும் அதே நடை, அதே பார்வை. கூப்பிட வசதியாகக் கரஸ் என்று சுருக்கிக்கொண்டோம்.

ஒரு கோடையில் கரஸ் தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தான். சட்டி சட்டியாகக் குடித்தும் ஆள் இளைத்துக்கொண்டே போனான். கால்நடை டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சீனி ஏறியிருக்கு டீச்சர்" என்றாள். என் பழைய மாணவிதான். வகுப்பில் எனக்குப் பயந்து நடுங்கியவள், இப்போது எனக்கே வகுப்பெடுத்தாள். "ரெண்டே ரெண்டு யூனிட்டு. காலைல ஏழு, சாயந்தரம் ஏழு. சாப்பிட்டப்புறந்தான் போடணும். ஒரு வேள விட்டுப்போனாக்கூடப் பரவாயில்ல. போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா போடவே போடாதீங்க."

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. "பூனைக்குமா சீனி வரும்? பிள்ள குட்டி இல்லாத வீடு, நீங்க ஊசியும் போடுவீங்க, தாலாட்டும் பாடுவீங்க" என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அக்கா சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குச் சுருக்கென்று குத்தும்.

குளிர்பெட்டியின் கதவில், தோசை மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் குப்பி இருக்கும். மாலை ஊசி என் பொறுப்பு. என் வீட்டுக்காரருக்கு முக்கூடல் தபால் நிலையத்தில் வேலை, பஸ் பிடித்து அவர் வந்துசேர ஏழரை ஆகிவிடும். காலையில் மட்டும் யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவர் போடுவது. இரண்டு பேரும் போட்டுவிடக் கூடாதே என்று ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். கூடத்தில் தேதிக்கொரு வேத வசனம் போட்ட காலண்டர் தொங்கும். காலை ஊசியைப் போட்டவர்தான் முந்தின நாள் தாளைக் கிழிக்க வேண்டும். தாள் கிழியாமல் இருந்தால் ஊசி போடவில்லை என்று அர்த்தம். யோசனை என்னுடையதுதான். கணக்கு டீச்சர் இல்லையா, அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு வேறு. ஏழெட்டு மாதம் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

அப்புறம் புது வருஷம் பிறந்தது. இவர் நள்ளிரவு ஆராதனைக்குப் போய்விட்டு வந்ததால் காலையில் வீட்டில் இருந்தார். நான் விடியற்காலை ஆராதனைக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஏழரை. இவர் கேக் கொடுக்கத் தெருவுக்குள் போயிருந்தார். கூடத்தில் புதுக் காலண்டர் தொங்கியது. ஜனவரி ஒன்றுக்கு மேலே இருக்கும் முதல் தாள் கிழிக்காமல் அப்படியே இருந்தது. கரஸ் வேறு பத்து நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி காலைச் சுற்றினான். இந்த மனுஷர் கேக்கைத் தூக்கிக்கொண்டு போனாரே, பிராணியைப் பார்த்தாரா என்று முணுமுணுத்துக்கொண்டே சோறும் மீனும் வைத்தேன். இரண்டு யூனிட் போட்டேன். எனக்குச் சந்தேகம் என்பதே வரவில்லை.

ஒன்பது மணிக்கு இவர் வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன இவன் இப்படி நடக்கான்?" என்றார். பார்த்தேன். பின்னங்கால் இரண்டும் தள்ளாடின.

"நீங்க ஊசி போட்டீங்களா?"

"ஏழு மணிக்கே போட்டேம்லா."

"தாளக் கிழிக்கலயே!"

"அது வாக்குத்தத்தத் தாளுல்லா? வருஷத்துக்கே ஆண்டவர் குடுத்த வசனம். நீ வந்து வாசிக்கதுக்கு முன்னால அத எப்படிக் கிழிக்க?"

எங்கள் வீடுகளில் புது வருஷ வாக்குத்தத்தத்தைக் குடும்பத்தில் எல்லோரும் வாசிக்காமல் யாரும் கிழிக்க மாட்டார்கள். அவர் செய்ததில் பிழையே இல்லை. அதனாலேயே அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

காது ஓரத்தில் ஊசிமுனையால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, டாக்டரம்மா கொடுத்திருந்த கருவியில் பார்த்தால் சீனி எழுபத்தெட்டு. டாக்டரம்மாவுக்குப் போன் அடித்தேன், உடனே எடுத்தாள். களக்காட்டில் அம்மா வீட்டில் இருந்தாள். "நாலு யூனிட்டா?" என்று கேட்டாள். பிறகு, "டீச்சர், அழாதீங்க. தின்னக் குடுங்க. தின்னலன்னா தேனத் தொட்டு ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்திராதீங்க, புரையேறிரும். கால் மணிக்கு ஒருக்கா பாருங்க. நான் கார எடுத்துட்டேன்" என்றாள். களக்காட்டிலிருந்து வர எப்படியும் ஒன்றே கால் மணி நேரம். உள்ளூரில் கூப்பிட்டுப் பார்த்த இரண்டு இடத்திலும் யாரும் போனை எடுக்கவில்லை.

மீனை மூக்குக்கு நேரே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டான். இழுத்து மடியில் போட்டேன். ஐம்பத்தொன்று. தேன் குப்பியில் தேன் உறைந்து கட்டியாகக் கிடந்தது. இவர் அதை வெந்நீரில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றார். "இன்னுமா இளகல? சீக்கிரம்!" என்று கத்தினேன். "பொறுட்டி, பைய" என்றார். எல்லாவற்றுக்கும் அவருக்குப் பைய. நாற்பத்து மூன்று. தாடை இறுகிவிட்டது. விரலில் தேனைத் தொட்டு உதட்டை விலக்கி ஈறில் தடவினேன். திரும்பத் திரும்பத் தடவினேன். முப்பத்தெட்டு. திடீரென்று நாலு காலும் தண்ணீரில் நீந்துகிறாற்போல் அடித்துக்கொண்டன. என் மடி நனைந்தது. கண் திறந்தே இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"கொன்னுட்டீங்க" என்றேன் அவரைப் பார்த்து. இரண்டாவது ஊசியைக் குத்தியது என் கை. அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து, என் விரலோடு அவர் விரலையும் தேனில் தொட்டுத் தடவ ஆரம்பித்தார். எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. நான் ஜெபம்கூடப் பண்ணவில்லை. போகாதலே, போகாதலே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நாக்கு லேசாக அசைந்தது. இவர் விரலை நக்கினான். நாற்பத்தைந்து.

டாக்டரம்மா வந்து குளுக்கோஸ் ஏற்றினாள். மத்தியானம் மூன்று மணிக்குக் கரஸ் எழுந்து போய் ஆறிப்போன மீனைத் தின்றான். நாங்கள் அன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். "எதச் சொன்ன?" என்றார்.

அதன்பிறகு தாளை நம்பவில்லை, வாயைத்தான் நம்பினோம். காலையில் போட்டவர் மற்றவரிடம் வந்து முகத்தைப் பார்த்து, "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். மாலை ஏழு மணிக்கு இவர் பஸ்ஸிலிருந்து போன் பண்ணுவார். இரைச்சலுக்கு நடுவே, "போட்டாச்சா?" என்பார். "போட்டாச்சு" என்பேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் எனக்குத் தினமும் போன் பண்ணியது அப்போதுதான். போகப்போக அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வேறு பேச்சும் வரும். பஸ்ஸில் இடம் கிடைத்ததா, சுத்தமல்லி விலக்கில் மழையா, ராத்திரிக்கு என்ன குழம்பு. எனக்கு ஆறே முக்காலுக்கே காது போனில் இருக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருந்தது.

கரஸ் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தான். கடைசியில் சிறுநீரகம் கெட்டுப்போய், ஒரு புதன்கிழமை மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டான். மறுநாள் ஏழு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தேன். பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, "பேட்டை தாண்டிட்டோம்" என்றார். "சரி" என்றேன். அதற்கு அடுத்த நாள் போன் வரவில்லை.

இப்போது அவரும் ஓய்வு பெற்றாயிற்று. நாள் முழுக்க எதிர் நாற்காலியில்தான் இருக்கிறார், பேப்பரை விரித்துக்கொண்டு. ஏழு மணி ஆனதும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் ஒரு "போட்டாச்சு"கூட இல்லை.